கிராஸ்ஹோம் பாறையில் ஒரு படம்

பிரிட்டனின் தென்மேற்கே, வேல்ஸ் நாட்டின் நிலம் அட்லாண்டிக் சமுத்திரத்தை நோக்கி மூக்கை நீட்டிக்கொண்டிருக்கும் பெம்புரோக்‌ஷயர் கரையில் நின்று, வானம் தெளிந்த கோடை நாளொன்றில் மேற்கே பார்த்தால், தொடுவானத்தை ஒட்டிச் சிறு பாறைத்தீவு ஒன்று கண்ணுக்குத் தட்டுப்படும். அதன் ஒரு பக்கம் கருமையும் பசுமையும் கலந்து சாதாரணத் தீவுகளைப் போலவே இருக்க, மறுபக்கமோ, அந்த வெயிலிலும் உருகாத பனி படிந்து கிடக்கிறதோ என்று ஐயுறும்படி வெளுத்திருக்கும். படகேறி அருகே போகப் போக அந்த வெண்மை அசைவதும், அதிலிருந்து துணுக்குகள் பிய்ந்து வானில் எழுவதும், எழுந்தவை சுழன்று மீண்டும் அதிலேயே வந்து படிவதும் தெரியவரும். கூடவே காற்று ஒரு பெருங்கூச்சலையும், அழுகிய மீனும் எச்சமும் கலந்த கடுமையான நெடியையும் கொண்டுவந்து சேர்க்கும். பனி என்று நினைத்தது பாதி எச்சமும் பாதி பறவையும் என்பது அப்போதுதான் விளங்கும். அந்தத் தீவின் பெயர் கிராஸ்ஹோம். அந்தப் பறவையின் பெயர் கானெட்.

கரையிலிருந்து சுமார் 13 கிலோமீட்டர் தொலைவில், 22 ஏக்கர் விஸ்தீரணமும் ஏறக்குறைய 42 மீட்டர் உயரமும் கொண்ட இந்தப் பாறையில் மரம் கிடையாது. மனிதக் குடியிருப்பும் கிடையாது. பழங்காலத்தில் இக்கடல்களை ஆண்டுகொண்டிருந்த வடதேசத்து மாலுமிகள் இட்ட பெயருக்குப் புல் தீவு என்று பொருள். வேல்ஸ் மக்களின் பழைய மொழியில் இது குவாலெஸ். அவர்களுடைய புராணக் கதையொன்றில், மாண்டுபோன பிரான் என்ற மன்னனின் தலையைச் சுமந்துவந்த வீரர்கள், பட்ட துன்பமெல்லாம் மறந்து, மூப்பும் அறியாமல், எண்பது வருஷம் விருந்துண்டு மகிழ்ந்திருந்த இடமென்று சொல்லப்படுவது இதுவே. துக்கத்தை மறப்பதற்கு ஒரு தீவைக் கற்பித்துக்கொண்ட அந்தக் கதாசிரியன், கரையிலிருந்து பார்த்தால் தெரியவும் வேண்டும், எளிதில் போய்ச்சேரவும் கூடாது என்ற இரண்டு இலக்கணங்களையும் நன்றாகத்தான் பொருத்தியிருக்கிறான்.

1934-ஆம் வருஷம் இந்தப் பாறையில்தான், இயற்கைப் படங்களின் சரித்திரத்தில் மறக்கத் தகாத சிறு படமொன்று எடுக்கப்பட்டது. ‘கானெட்டுகளின் அந்தரங்க வாழ்க்கை’ என்பது அதன் பெயர். அதற்கு முந்தைய வருஷம் எட்டாம் ஹென்றி அரசனின் அந்தரங்க வாழ்க்கையைத் திரையில் காட்டிப் பெரும்புகழ் பெற்றிருந்த அலெக்ஸாண்டர் கோர்டாவின் லண்டன் பிலிம்ஸ் கம்பெனிதான் இதையும் தயாரித்தது. தலைப்பின் சாயல் அங்கிருந்து வந்திருக்க வேண்டும். இயக்கியவர் ஜூலியன் ஹக்ஸ்லி. பிராணி சாஸ்திரத்தில் பேர்பெற்ற இந்த அறிஞர்தான் பின்னாளில், 1946-இல், யுனெஸ்கோ ஸ்தாபனத்தின் முதல் தலைமை இயக்குநராக அமர்ந்தார். அவருக்குத் துணைநின்றவர் ரொனால்ட் லாக்லி. கிராஸ்ஹோமுக்கு அண்டைத் தீவுகளில் ஒன்றான ஸ்கோகோமில் 1927 முதல் குடியிருந்து, 1933-இல் அங்கேயே பிரிட்டனின் முதல் பறவை ஆய்வு நிலையத்தை நிறுவியவர். ஒருவர் பறவைகளின் நடத்தையைப் படித்தவர், மற்றவர் அந்தக் கடலின் நடத்தையைப் படித்தவர்; ஆஸ்மண்ட் பாரடெய்ல் என்ற கனடா தேசத்து ஒளிப்பதிவாளரும் இவர்களோடு சேர்ந்துகொள்ள, படம் உருவாயிற்று. 1937-ஆம் வருஷத்துக்குரிய ஆஸ்கார் பரிசு, ஒரே சுருளில் அடங்கும் குறும்படங்களின் பிரிவில், இதற்குக் கிடைத்தது.

நாடகமேடையில் தொங்கும் திரைச்சீலையைப் போல, இயற்கைப் படங்களில் இடம் என்பதை வெறும் பின்னணியாகப் பார்த்துப் பழகிவிட்டோம். அது பிழையென்று நான் கருதுகிறேன். கிராஸ்ஹோமில் அந்தப் பறவைகள் செய்வது ஒவ்வொன்றும், அவை கழுத்தை வளைப்பதும், அலகை உயர்த்துவதும், முட்டையை மிதிப்பதும், குஞ்சைக் கைவிடுவதும்கூட, அந்தப் பாறை அப்படி அமைந்திருப்பதன் விளைவு. இடத்தைச் சொல்லாமல் நடத்தையைச் சொல்ல முடியாது.

முதலில், அங்கே படமெடுக்க முடிந்ததே எதனால் என்று பார்ப்போம். நரி, கீரிவகை, எலி முதலிய நிலத்து ஜந்துக்கள் நீந்தி வந்து சேர முடியாத தூரத்தில் பாறை இருப்பதால், தரையிலிருந்து வரும் அபாயத்தைக் கண்டு ஓடும் வழக்கம் அங்குள்ள பறவைகளுக்கு அதிகமில்லை. கூட்டில் அமர்ந்த கானெட், மனிதன் மெல்ல மெல்லத் தாழ்ந்து நகர்ந்து வந்தால், நாலைந்து முழம் அருகே வரும் வரைக்கும் இடத்தைவிட்டு அசையாமல் தன் வெளிர்நீலக் கண்ணால் முறைத்துக்கொண்டே இருக்கும். தூரத்துப் பொருளைக் கிட்டத்தில் இழுத்துக் காட்டும் நீண்ட லென்ஸுகள் இன்றைய அளவுக்குத் தேறியிராத அக்காலத்தில், இந்த அஞ்சாமையே ஒளிப்பதிவாளனுக்குக் கிடைத்த பெரிய உபகாரம். ஆனால் அதே அருகாமையில் பெரிய பொறுப்பும் உண்டு. பதறி ஒரு பறவை எழுந்தால் பத்து எழும். எழும் அவசரத்தில் முட்டைகள் உருளும். உருண்ட முட்டையைக் கொண்டுபோகக் கடற்காகங்கள் தலைக்குமேல் எப்போதும் வட்டமிட்டுக்கொண்டிருக்கும். ஆகவே அங்கே காமிரா தூக்குகிறவன் முதலில் கற்றுக்கொள்ள வேண்டியது, நிதானமாக உட்காருவதும் அதைவிட நிதானமாக எழுந்திருப்பதுமே. அட்லாண்டிக்கின் அலை நேராக வந்து மோதும் அந்தப் பாறையில் துறைமுகம் என்று ஒன்றில்லாததால், கடல் அடங்கிய நாளில்தான் கால்வைக்க முடியும்; அடங்கிய கடல் எப்போது மீண்டும் எழும் என்பதையும் கணக்கில் வைத்துக்கொண்டே வேலை பார்க்க வேண்டும்.

கானெட் ஒரு பெரிய பறவை. விரித்த சிறகின் அகலம் ஏறக்குறைய 1.8 மீட்டர், எடை சுமார் 3 கிலோ. தேகம் முழுதும் வெண்மை, இறகு நுனிகள் மையில் தோய்த்தெடுத்தாற்போல் கருமை, தலையில் மட்டும் இளமஞ்சள் பூச்சு. இவ்வளவு கனமான உடலை, நீண்டு ஒடுங்கிய சிறகுகளால் சமதரையிலிருந்து தூக்குவது எளிதன்று. விளிம்பும் காற்றும் வேண்டும். காற்று ஓயாத சரிவுகளையும் செங்குத்துப் பாறைகளையும் இப்பறவை தேடிச் செல்வதற்குக் காரணம் இதுவே. அப்படிப்பட்ட இடங்கள் உலகில் கொஞ்சமே ஆகையால், கிடைத்த இடத்தில் எல்லாரும் நெருக்கியடித்துக்கொண்டு குடியேற வேண்டியிருக்கிறது.

அந்த நெருக்கத்துக்கும் ஓர் அளவு உண்டு. ஒரு கூட்டின் நடுவிலிருந்து அடுத்த கூட்டின் நடுவுக்குச் சுமார் முக்கால் மீட்டர். யாரோ நூல் பிடித்து அளந்து வைத்ததுபோல் பாறையெங்கும் அந்த இடைவெளி மாறாமல் இருப்பதைப் பார்க்கிறவர்களுக்கு வியப்பு உண்டாகும். அளந்தது அலகுதான். கூட்டில் அமர்ந்தபடியே கழுத்தை எட்டி அடுத்த வீட்டுக்காரனைக் கொத்தினால், கொத்து சற்றே எட்டாமல் போகும் தூரம் அது; எட்டும் தூரத்தில் கூடு கட்டினவர்களுக்கு நிம்மதி இல்லை, அதற்கு மேல் தள்ளிக் கட்டினவர்களுக்கு நடுவில் மூன்றாமவன் வந்து புகுந்துவிடுவான். கானெட்டின் அலகு கூரிய ஆயுதம்; அண்டைக்காரர்களின் சண்டையில் இரத்தம் வழிவதும் உண்டு.

இத்தனை கோபக்காரர்கள் தம்பதியாக வாழ்வது எப்படி? ஆணும் பெண்ணும் ஒரே தோற்றம் உடையவை. மீன்பிடித்துத் திரும்பும் துணையும் அத்துமீறி வரும் அந்நியனும் முதற்பார்வையில் ஒன்றுபோலவே தெரிய வேண்டும். இந்த ஆபத்தைத் தீர்த்துவைப்பது சடங்கு. துணை வந்து இறங்கியதும் இரண்டும் மார்போடு மார்பு நிமிர்ந்து நின்று, சிறகுகளைச் சற்றே விரித்து, வாள்வீச்சுப் பழகும் இருவர் போல் அலகோடு அலகைத் தட்டி உரசிக்கொள்ளும். இடையிடையே தலையைத் துணையின் கழுத்தருகே தாழ்த்தி வணங்கும். போர்க்கருவியை வைத்துக்கொண்டே நடக்கும் இந்த உபசாரத்தில், தாக்குதலின் அசைவுகள் அப்படியே இருக்கின்றன, தாக்குதல் மட்டும் இல்லை. ஹக்ஸ்லி இதைக் காணத் தகுதியான கண்ணோடு அங்கே போனவர். இருபது வருஷங்களுக்கு முன், 1914-இல், கொண்டை முக்குளிப்பான்களின் காதற்சடங்குகளை வர்ணித்து அவர் எழுதிய கட்டுரை, விலங்கின் அன்றாட அசைவு காலப்போக்கில் செய்தி சொல்லும் சடங்காக மாறுகிறது என்ற கருத்துக்கு அஸ்திவாரமாக அமைந்தது.

இன்னொரு சடங்கும் உண்டு. கூட்டைவிட்டுக் கிளம்ப நினைக்கும் பறவை, கழுத்தை நீட்டி, அலகை நேராக வானத்தை நோக்கி நிறுத்தி, கால்களை ஒவ்வொன்றாகத் தூக்கிவைத்துக்கொண்டு சில கணங்கள் அப்படியே நிற்கும். ‘நான் போகப்போகிறேன், நீ இரு’ என்பது அதன் பொருள். முட்டையோ குஞ்சோ தனியே கிடந்தால் அடுத்த கூட்டின் அலகுக்கும் கடற்காகத்துக்கும் பலியாகிவிடும் ஆதலால், இருவரும் ஒரே சமயத்தில் கிளம்பிவிடக் கூடாது. வானைக் காட்டும் அந்த அலகு அதற்கான முன்னறிவிப்பு.

கூட்டைக் கொஞ்சம் குனிந்து பார்ப்போம். கடற்பாசி, காய்ந்த புல், இறகு, இவற்றை ஒட்டவைக்கும் எச்சம் எல்லாம் சேர்ந்து, வருஷா வருஷம் உயர்ந்த மேடு அது. அதில் ஒரே ஒரு முட்டை. இட்டபோது சுண்ணாம்பு பூசினதுபோல் வெளுத்திருந்து, நாளாவட்டத்தில் அழுக்கேறிப் பழுப்பாகிறது. பெரும்பாலான பறவைகளுக்கு அடைகாக்கும் காலத்தில் வயிற்றில் இறகு உதிர்ந்து சூடான தோல் வெளிப்படும். கானெட்டுக்கு அப்படி இல்லை. குளிர்நீரில் பாய்ந்து பிழைக்கும் பறவைக்கு வயிற்றில் இறகில்லாத இடம் ஆகாது என்று கொள்ளலாம். ஆகவே அது தன் விரலிடைச் சவ்வுகளை, ஒன்றன்மேல் ஒன்று படியும்படி முட்டையின் மேல் விரித்து, அதன்மேல் உடலைத் தாழ்த்தி உட்காருகிறது. இரத்த ஓட்டம் பெருகிச் சூடேறிய அந்தப் பாதங்களே சுமார் 44 நாள் முட்டைக்கு மெத்தையும் போர்வையும் ஆகின்றன. ஓடு விரியத் தொடங்கியதும், உள்ளிருக்கும் குஞ்சு நசுங்காதபடி, முட்டையைப் பாதங்களின் மேலே ஏற்றிவைத்துக்கொள்ளும் அந்தக் கவனத்தை நினைக்கும்போது, அதே பறவை அண்டைக்காரனை இரத்தம் வழியக் கொத்துவதையும் சேர்த்தே நினைக்க வேண்டியிருக்கிறது.

1960-களில் ஸ்காட்லாந்தின் பாஸ் பாறையில் மனைவியோடு மூன்று வருஷம் தங்கிக் கானெட்டுகளை ஆராய்ந்த பிரயன் நெல்சன், இந்தப் பாசத்தின் எல்லையையும் கண்டறிந்தார். கானெட் தன் குஞ்சை முகம் பார்த்து அறிவதில்லை. தன் கூட்டில் இருப்பது தன் குஞ்சு, அவ்வளவே. செங்குத்துச் சரிவில் நகர்ந்த குஞ்சு விழுந்து மடியும் ஆதலால், குஞ்சுகள் கூட்டைவிட்டு நகராத இயல்பை அடைந்தன. நகராத குஞ்சை அடையாளம் காணவேண்டிய தேவை தாய்தந்தையருக்கு எழவில்லை. தவறி வெளியே வந்த குஞ்சை அண்டையார் கொத்திக் கொன்றுவிடுவார்கள். பாறையின் விளிம்பு ஒரு பறவையின் மனத்துக்குள்ளே புகுந்து, அங்கே எது இருக்க வேண்டும், எது வேண்டியதில்லை என்று தீர்மானித்திருக்கிறது.

கானெட்டின் பாய்ச்சலைக் காண வேண்டுமானால் காமிராவைப் பாறையிலிருந்து கடலுக்குத் திருப்ப வேண்டும். நம் குளக்கரைகளில் மீன்கொத்தி பாய்வதைப் பார்த்தவர்கள், அதைப் பத்துப் பன்னிரண்டு மாடி உயரத்துக்குத் தூக்கி, எடையையும் பெருக்கி நினைத்துக்கொள்ளலாம். கானலாங்கெளுத்தி வகை மீன்களின் கூட்டத்தைக் கண்ட கானெட், 30 மீட்டர் வரைக்குமான உயரத்திலிருந்து தலைகீழாகக் கவிழ்கிறது. காற்றின் தடையை விட்டுவிட்டுக் கணக்கிட்டால், அவ்வுயரத்திலிருந்து விழும் பொருள் இரண்டரை விநாடிக்குள் நீரைத் தொடும்; தொடும்போது அதன் வேகம் விநாடிக்கு ஏறத்தாழ 24 மீட்டர், அதாவது மணிக்கு 87 கிலோமீட்டர். வெறுங்கண்ணுக்கு ஒரு வெள்ளைக் கீற்றும், ஒரு நீர்த்தெறிப்புமே தெரியும். காமிராவைச் சாதாரணத்தைவிடப் பலமடங்கு விரைவாக ஓட்டிப் படமெடுத்து, வழக்கமான வேகத்தில் திரையிட்டால், அந்த இரண்டரை விநாடி விரிந்து பத்து விநாடியாகிறது. அப்போதுதான், நீரைத் தொடுவதற்குச் சற்று முன் பறவை சிறகுகளைப் பின்னால் மடக்கி, உடலோடு ஒட்டி, தன்னையே ஓர் ஈட்டியாக நீட்டிக்கொள்வது கண்ணுக்குப் புலப்படுகிறது.

அந்த மோதலில் கழுத்து ஒடியாமல் இருப்பது எப்படி என்ற கேள்விக்கு, 2016-இல் வெளியான ஓர் ஆராய்ச்சி விடை தந்தது: கூர்ந்து மெல்லச் சரியும் தலையின் வடிவம் நீரின் எதிர்ப்பைச் சிறுகச் சிறுக ஏற்கிறது, கழுத்துத் தசைகள் இறுகி எலும்புகளை நேராக நிறுத்துகின்றன. இவற்றோடு, கானெட்டுக்கு அலகின் வெளியே நாசித்துவாரமே கிடையாது. முகத்திலும் மார்பிலும் தோலுக்கடியில் உள்ள காற்றுப்பைகள் மெத்தையாக அடியைத் தாங்குகின்றன. கண்ணுக்கும் ஒரு சோதனை உண்டு. காற்றில் தெளிவாகக் காணும் கண், நீருக்குள் போனவுடன் மங்கிவிடும் என்பது நீந்துகிறவர்கள் எல்லாரும் அறிந்ததே. ஆஸ்திரேலிய, நியூசிலாந்துக் கடல்களில் வாழும் இதன் நெருங்கிய உறவினத்தைப் பரிசோதித்தவர்கள், நீருக்குள் புகுந்த ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு விநாடியில் அதன் கண் தன்னைத் திருத்திக்கொண்டு மீனைத் தெளிவாகக் காண்கிறது என்று கண்டார்கள்.

படம் காட்டாத ஒரு களம் இன்னும் உண்டு. 1934-இல் எந்தக் காமிராவாலும் அதைக் காட்டியிருக்க முடியாது. பாறையைவிட்டு எழுந்த பறவை எங்கே போகிறது? பிரிட்டன், அயர்லாந்துக் கரைகளைச் சுற்றியுள்ள 12 குடியிருப்புகளிலிருந்து ஏறக்குறைய 200 கானெட்டுகளின் உடலில் இடங்காட்டும் சிறு கருவிகளைப் பொருத்தி நடந்த ஆராய்ச்சி 2013-இல் வெளிவந்தபோது, அதன் வரைபடம் எல்லாரையும் திகைக்க வைத்தது. ஒவ்வொரு பாறையின் பறவைகளும் கடலில் தமக்கென்று ஒரு பிரதேசத்தில் மீன்பிடிக்கின்றன. அண்டைப் பாறைக்காரர்களின் பிரதேசத்தில் பெரும்பாலும் நுழைவதில்லை. வேலி இல்லை, காவல் இல்லை, கடல்மேல் சண்டையும் இல்லை. இரண்டு குடியிருப்புகளுக்கு இடைப்பட்ட நீரில், எந்தப் பக்கத்துப் பறவைகள் அடர்ந்து மீன்களைக் கலைத்துவிடுகின்றனவோ அந்தப் பக்கம் மற்றவர்கள் அவ்வளவு தூரம் பறந்து போவது கட்டுப்படியாகாமல் விடப்படுகிறது. பிறகு இளையவை மூத்தவற்றின் பின்னே பறந்து அந்த வழியையே பழகிக்கொள்கின்றன என்பது ஆராய்ச்சியாளர்களின் கருத்து. தலைமுறை தலைமுறையாக வரும் வழக்கம் என்று நாம் மனிதர்களிடையே சொல்வதற்கு வெகு அருகில் இது வந்துவிடுகிறது. கிராஸ்ஹோமின் கானெட்டுகளுக்குச் சொந்த ஊர் 22 ஏக்கர்தான். அவர்களுடைய வயற்காடோ அதைச் சூழ்ந்த பல நூறு கிலோமீட்டர்க் கடல்.

ஹக்ஸ்லியும் லாக்லியும் கண்ட தீவு இன்று இருக்கும் தீவு அன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் அங்கே பெருந்திரளாக இருந்தவை பஃபின் என்ற குட்டைப் பறவைகள். மண்ணைக் குடைந்து வளை அமைக்கும் அவற்றின் உழைப்பாலேயே மண் சல்லடையாகி இடிந்து, குடியிருக்க இடமில்லாமல் அவை குறைந்துபோயின. கானெட்டுகள் பெருகின. படமெடுத்த காலத்தில் சுமார் ஐயாயிரம் இணைகள். பறவைப் பாதுகாப்புக்கான ராயல் சங்கம் 1947-இல் தீவை வாங்கி, வேல்ஸ் நாட்டில் தன் முதல் சரணாலயமாக்கிக் காத்துவந்ததன் பலனாக, 2015 வாக்கில் சுமார் 36,000 இணைகள். பிறகு 2022-இல் பறவைக் காய்ச்சல் வந்தது. அடுத்த வருஷக் கணக்கெடுப்பில் பாதிக்கும் குறைவாகவே எஞ்சியிருந்தன. முக்கால் மீட்டர் இடைவெளியில் நிறைந்திருந்த சரிவில் வெறும் பாறை தெரிந்தது. பாஸ் பாறையில் அந்நோய்க்குத் தப்பிப் பிழைத்த கானெட்டுகள் பலவற்றின் வெளிர்நீலக் கண்கள் கறுத்துப்போயிருந்ததை ஆராய்ச்சியாளர்கள் பதிவு செய்தார்கள். காய்ச்சலைக் கடந்து வந்தவற்றில் பலவற்றைக் கண்ணைப் பார்த்தே சொல்லிவிடலாம்.

கூட்டிலும் மாறுதல் வந்துவிட்டது. கடற்பாசியைப் பொறுக்கும் வழக்கத்தில், அலைமேல் மிதக்கும் நைலான் கயிற்றையும் வலைத்துண்டையும் கானெட் பொறுக்கிவருகிறது. கிராஸ்ஹோமின் கூடுகளை ஆராய்ந்து 2011-இல் வெளியிட்ட கணக்கின்படி, ஒரு கூட்டில் சராசரி 470 கிராம் பிளாஸ்டிக். தீவு முழுதும் 18 டன்னுக்கு மேல். பச்சையும் ஆரஞ்சும் நீலமுமான அந்தக் கயிறுகள் பாசியைப் போல் மக்குவதில்லை. சராசரியாக வருஷத்துக்கு 63 பறவைகள், பெரும்பாலும் குஞ்சுகள், அவற்றில் சிக்கிக்கொள்கின்றன என்று அந்த ஆராய்ச்சியே சொல்கிறது.

சிக்காத குஞ்சின் வாழ்க்கை பதின்மூன்று வாரத்தில் விளிம்புக்கு வருகிறது. அப்போது அது கரிய இறகு போர்த்து, பெற்றோரைவிடவும் கனத்து, உடலெங்கும் கொழுப்பைச் சேமித்து வைத்திருக்கும். வெண்மை முழுதும் ஏற ஐந்து வருஷம் ஆகும். பறக்கப் பழகியது கிடையாது, மீன்பிடிக்கக் கற்பிப்பார் கிடையாது. ஒருநாள் பாறையின் ஓரத்துக்கு நடந்து, கீழே குதித்து, சிறகை விரித்துச் சிறிது தூரம் சறுக்கிக் கடலில் இறங்கும். இறங்கிய பிறகு, அந்தக் கனத்தோடு நீரிலிருந்து எழும்ப முடியாமல், தேகத்தில் உள்ள கொழுப்பு கரையும் வரை ஒன்றிரண்டு வாரம் தெற்கு நோக்கி நீந்தும். பிறகுதான் பறப்பு, பிறகுதான் முதல் பாய்ச்சல், பிறகு ஆப்பிரிக்காவின் மேற்குக் கரை வரைக்குமான பிரயாணம்.

இனப்பெருக்கக் காலம் முடிந்து மற்றவை கிளம்பிவிட்ட அக்டோபரில், கடல் இடங்கொடுக்கும் நாளாகப் பார்த்து, சரணாலயக் காவலர்கள் சிலர் படகில் கிராஸ்ஹோமுக்குப் போகிறார்கள். பொதுமக்களுக்கு அங்கே இறங்க அனுமதியில்லை. பார்க்க வருகிறவர்கள் படகிலிருந்தபடி தீவைச் சுற்றிவந்து திரும்ப வேண்டும். காலியான கூடுகளுக்கிடையே, காலில் கயிறு இறுகி, போக முடியாமல் நின்றுவிட்ட குஞ்சுகளைக் காவலர்கள் ஒவ்வொன்றாகத் தேடுகிறார்கள். ஒருவர் கொத்தும் அலகைப் பற்றிக்கொள்ள, மற்றவர் சதையில் புதைந்த நைலானைக் கத்தியால் ஜாக்கிரதையாக அறுத்தெடுக்கிறார். விடப்பட்ட குஞ்சு, மரத்துப்போன காலை ஊன்றி ஊன்றி, விளிம்பை நோக்கி நடக்கிறது.